சிசுவின் தாடையை ஏன் நீட்டுகிறார்கள்?

மயங்கிக் கிடக்கிறவருக்கு மூச்சு அடைத்தால் என்ன செய்யச் சொல்லி முதலுதவி வகுப்பில் கற்றுக்கொடுக்கிறார்கள்? தலையைச் சற்றே பின்னால் சாய்த்து, மோவாயை மேலே தூக்கச் சொல்வார்கள். கழுத்தில் அடிபட்டிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் தலையை அசைக்காமல், தாடையின் இரண்டு மூலைகளையும் பிடித்து முன்னால் தள்ளச் சொல்வார்கள். பல பேருக்கு அந்த நொடியே மூச்சு சீராகிவிடும். ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டருக்கு இது தினசரி வேலை. 19-ஆம் நூற்றாண்டில் குளோரோஃபார்ம் பழக்கத்தில் இருந்த காலத்திலேயே இந்த வித்தை தெரிந்துவிட்டது.

இது ஏன் வேலை செய்கிறது? நாக்கு வாய்க்குள் சும்மா மிதந்துகொண்டிருக்கும் உறுப்பு இல்லை. அதன் முக்கியமான தசை, மோவாய்க்கு உட்புறம், கீழ்த்தாடை எலும்பில் இருக்கும் சின்ன முடிச்சுகளில் வேர் ஊன்றியிருக்கிறது. தாடை முன்னால் போனால் நாக்கும் கூடவே முன்னால் போகும். தாடை பின்னால் போனால் நாக்கு தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும். மோவாய் முக அழகுக்கு மட்டும் இல்லை, மூச்சு வழியைத் திறந்துவைப்பதிலும் அதற்குப் பங்கு இருக்கிறது.

இப்போது, பிறக்கும்போதே கீழ்த்தாடை குட்டையாகவும் பின்னால் தள்ளியும் இருக்கிற ஒரு குழந்தையை நினைத்துப் பாருங்கள். அதன் நாக்கு எப்போதும் பின்னால்தான் இருக்கும். தூங்கினால் இன்னும் பின்னால் விழும். யாராவது 24 மணி நேரமும் அதன் தாடையை முன்னால் பிடித்துக்கொண்டே இருக்க முடியுமா? முடியாது. அதையே எலும்பை நகர்த்தி நிரந்தரமாகச் செய்துவிட்டால்? அந்த யோசனைதான் சிசுக்களின் கீழ்த்தாடையைத் தினம் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டராக நீட்டும் அறுவை சிகிச்சை. மாண்டிபுலர் டிஸ்ட்ராக்ஷன் ஆஸ்டியோஜெனெசிஸ் என்று நீளமான பெயர். இந்தக் குறிப்பில் 'தாடை நீட்டல்' என்றே எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை, மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். ஆர்வத்தில் வாசித்துத் தொகுத்த குறிப்பு இது. ஒரு குறிப்பிட்ட குழந்தைக்கு என்ன செய்வது என்பதை அந்தக் குழந்தையைப் பார்த்த மருத்துவர்கள்தான் சொல்ல முடியும்.

ஒன்றிலிருந்து ஒன்றாகப் போகும் சங்கிலி

இந்த நிலைக்குப் பியர் ராபின் என்ற பிரெஞ்சு மருத்துவரின் பெயரை வைத்திருக்கிறார்கள். வாய், பல் நோய்களைக் கவனித்தவர். சிறிய தாடை, பின்னால் விழும் நாக்கு, அதனால் வரும் மூச்சுத்தடை ஆகியவற்றைச் சேர்த்து 1923-இல் எழுதினார். அவருக்கு முன்பும் சிலர் இதைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் பெயர் இவருக்கே நிலைத்துவிட்டது.

முன்பெல்லாம் இதைப் 'பியர் ராபின் சிண்ட்ரோம்' என்பார்கள். இப்போது 'ராபின் சீக்வென்ஸ்' என்கிறார்கள். இது வெறும் பெயர் மாற்றம் இல்லை. சிண்ட்ரோம் என்றால் ஒரே மூல காரணத்திலிருந்து பல கோளாறுகள் தனித்தனியாகக் கிளைப்பது. சீக்வென்ஸ் என்றால் ஒரு கோளாறு இன்னொன்றைத் தள்ளிவிட, அது அடுத்ததைத் தள்ளிவிடுவது. எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், லாகில் பத்து எர்ரர் வரிசையாக வந்திருக்கும், ஆனால் உடைந்தது முதல் வரியில் இருப்பது ஒன்றுதான். மற்ற ஒன்பதும் அதன் விளைவு.

இங்கே முதல் வரி கீழ்த்தாடை. கருவில் ஏழு, எட்டு வாரம் இருக்கும்போது மேலண்ணம் இன்னும் மூடியிருக்காது. இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு தட்டுகள் நாக்கின் பக்கவாட்டில் கீழ்நோக்கித் தொங்கிக்கொண்டிருக்கும். தாடை வளர வளர நாக்கு கீழே இறங்கி முன்னால் வரும். இடம் கிடைத்ததும் அந்தத் தட்டுகள் மேலே எழும்பி நடுவில் ஒட்டிக்கொள்ளும். தாடை போதுமான அளவு வளரவில்லை என்றால் நாக்கு இறங்க இடம் இல்லை. உயரத்திலேயே மாட்டிக்கொண்டு தட்டுகளுக்கு நடுவில் நிற்கும். தட்டுகள் சேர முடியாது. அதனால்தான் இந்தக் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அண்ணத்தில் பிளவும் இருக்கிறது. அந்தப் பிளவு பெரும்பாலும் ஆங்கில 'யூ' எழுத்து மாதிரி அகலமாக இருக்கும். நாக்கு நின்ற இடத்தின் அச்சு அது என்று சொல்லலாம்.

ஏறக்குறைய 8,500 முதல் 14,000 பிறப்புகளுக்கு ஒன்று என்று கணக்குச் சொல்கிறார்கள். இதில் ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு வேறு எந்தக் கோளாறும் இருக்காது. தாடையோடு தொடங்கித் தாடையோடு முடிந்துவிடும். இன்னொரு பகுதிக்கு இது ஸ்டிக்லர், ட்ரீச்சர் காலின்ஸ் போன்ற ஒரு பெரிய மரபணு நிலையின் ஒரு அங்கமாக வரும். இந்த வித்தியாசத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சிகிச்சை எந்த அளவுக்குக் கைகொடுக்கும் என்பதை இதுதான் பெரிதும் தீர்மானிக்கிறது.

பால் குடிப்பதா, மூச்சு விடுவதா?

பள்ளியில் படித்த பாய்சுவே விதி ஞாபகம் இருக்கிறதா? குழாயில் சீராக ஓடும் ஓட்டத்துக்கு, ஆரம் பாதியானால் தடை 16 மடங்காகும். தொண்டை நேரான குழாய் இல்லை, ஓட்டமும் எப்போதும் சீராக இருக்காது. ஆனாலும் விஷயம் புரிந்துவிடும். பெரியவர்களின் தொண்டையில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குறைந்தால் பெரிதாகத் தெரியாது. மூச்சுவழியே சில மில்லிமீட்டர்தான் என்றிருக்கும் சிசுவுக்கு அதுவே வாழ்வா சாவா என்றாகிவிடும்.

இதில் பால் எங்கே வருகிறது? பிறந்த குழந்தை பால் குடிப்பதைக் கவனித்தால் ஒரு தாளம் இருக்கும். உறிஞ்சு, விழுங்கு, மூச்சு விடு. திரும்ப உறிஞ்சு. இதெல்லாம் ஒரே தொண்டையைப் பங்குபோட்டுக்கொண்டு நடக்கிறது. ராபின் குழந்தைக்கு மூச்சு விடுவதே போராட்டம் என்பதால் விழுங்க இடைவெளி கிடைப்பதில்லை. அண்ணத்தில் பிளவு இருந்தால் வாய்க்குள் உறிஞ்சும் அழுத்தமும் உருவாகாது. குடித்த கொஞ்சமும் மூக்கு வழியே வரும், இல்லை புரையேறும்.

இதற்கு மேல் இன்னொரு சிக்கல். ஒவ்வொரு மூச்சையும் பலம்கொண்டு இழுக்கும் குழந்தை, குடித்த பாலின் சக்தியை மூச்சுக்கே செலவழித்துவிடுகிறது. வரவு குறைவு, செலவு அதிகம். எடை ஏறாது. அதனால் இந்தக் குழந்தைகளில் எடை மெஷின் காட்டும் எண்ணும் மூச்சைப் பற்றிய ஒரு தகவல்தான். ஆக்சிஜன் அளவு திரையில் நன்றாக இருந்தும் எடை ஏறவில்லை என்றால், குழந்தை அந்த ஆக்சிஜனுக்கு என்ன விலை கொடுக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பிறந்த முதல் நாளில் ஓரளவு நன்றாக இருந்துவிட்டு, அடுத்த சில வாரங்களில் மோசமாகும் குழந்தைகளும் உண்டு. மூச்சிழுக்கும்போது நெஞ்சுக்குழியும் விலா இடுக்குகளும் உள்ளே போவது, தூக்கத்தில் குறட்டை போன்ற சத்தம், சத்தம் நின்று மூச்சும் நின்று பிறகு திடுக்கென்று இழுப்பது, பால் குடிக்கும்போது நீலம் பாரிப்பது இவையெல்லாம் அடையாளங்கள். குழந்தை குறட்டை விட்டால் 'அசந்து தூங்குது' என்று சந்தோஷப்படக் கூடாத இடம் இது.

கத்தியை எடுப்பதற்கு முன்னால்

தாடை சின்னதாக இருக்கிறது என்றதும் அறுவை சிகிச்சை என்று முடிவு செய்வதில்லை. பெரும்பாலான குழந்தைகள் அது இல்லாமலே சமாளித்துவிடுகிறார்கள். எளியதிலிருந்து தொடங்குவார்கள்.

முதலில், படுக்கும் விதம். குப்புறப் படுக்க வைத்தால் புவியீர்ப்பு நாக்கை முன்னால் இழுக்கும். சில குழந்தைகளுக்கு இது மட்டுமே போதும். ஆனால் இதில் ஒரு முரண் இருக்கிறது. தூக்கத்தில் திடீர் மரணம் வரும் ஆபத்தைக் குறைக்க எல்லாக் குழந்தைகளையும் மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும் என்பது பொது விதி. ராபின் குழந்தைக்கு அதற்கு நேர்மாறு. அதனால் கண்காணிப்பு மானிட்டரோடும் டாக்டர் சொன்ன பிறகும்தான் குப்புறப் படுக்க வைப்பது. இதைப் படித்துவிட்டு வீட்டில் முயற்சி செய்கிற விஷயம் இல்லை.

அடுத்தது மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாய். நாக்கின் அடிப்பகுதியைத் தாண்டி, குரல்வளை மூடிக்குச் சற்று மேலே முடியும்படி அளந்து வெட்டி வைப்பார்கள். நாக்கு விழுந்தாலும் குழாய் வழியே காற்று போகும். பிரிட்டனில் இது பரவலான வழி. பெற்றோரே பழகிக்கொண்டு வீட்டில் சில மாதங்கள் பராமரிப்பதும் உண்டு.

ஜெர்மனியில் ட்யூபிங்கன் பல்கலைக்கழக மருத்துவமனையில் வேறொரு வழியை வளர்த்தெடுத்தார்கள். அண்ணத்தில் பொருந்தும் பிளாஸ்டிக் தகடு, அதன் பின்பக்கம் தொண்டைக்குள் இறங்கும் ஒரு வால். அந்த வால் நாக்கின் அடிப்பகுதியை முன்னால் தள்ளிப் பிடிக்கும். அண்ணப்பிளவையும் தகடு மூடிவிடுவதால் பால் குடிக்கவும் உதவும். ஒவ்வொரு குழந்தைக்கும் அளவெடுத்துச் செய்து, எண்டோஸ்கோப் வைத்துச் சரிபார்க்க வேண்டும். கத்தி இல்லை, ஆனால் அந்தக் கைத்திறன் எல்லா ஊரிலும் இல்லை.

நாக்கை முன்னால் இழுத்துக் கீழுதட்டின் உட்புறத்தோடு தைத்துவைக்கும் பழைய முறையும் உண்டு. சில மாதங்கள் கழித்துப் பிரித்துவிடுவார்கள்.

இவை எதுவும் போதவில்லை என்றால் நீண்ட காலமாக இருந்த கடைசி வழி டிரக்கியாஸ்டமி. கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாயில் நேரடியாக டியூப் வைப்பது. அடைப்பு எங்கே இருந்தாலும் அதற்குக் கீழே போய்விடுவதால் நிச்சயமான வழி. ஆனால் விலை அதிகம். காற்று குரல்நாண்களைத் தாண்டிப் போகாததால் பல குழந்தைகளின் அழுகை வெளியே கேட்காது. சளி அடைத்துவிட்டால் நிமிடங்களில் உயிர் போகும். அதனால் இரவும் பகலும் யாராவது ஒருவர் விழித்திருக்க வேண்டும், சளி உறிஞ்சும் மெஷின் வேண்டும், கரண்ட் போகாமல் இருக்க வேண்டும். இப்படி மாதங்கள், சில சமயம் வருடங்கள். தாடை நீட்டலை இவ்வளவு பேர் வரவேற்றதற்குக் காரணம், அது இந்த டியூபைத் தவிர்க்கிறது என்பதுதான்.

சைபீரியாவில் கிடைத்த உண்மை

எலும்பை நீட்டுவது என்ற எண்ணம் தாடையில் தொடங்கவில்லை, காலில் தொடங்கியது. இத்தாலியில் கோடிவில்லா என்பவர் 1905-இலேயே குட்டையான காலை நீட்ட முயன்று எழுதியிருக்கிறார். ஆனால் தொற்று, நரம்பு பாதிப்பு, சேராத எலும்பு என்று பிரச்சினைகள் வந்ததால் அது பரவவில்லை.

விடை சோவியத் யூனியனின் மேற்கு சைபீரியாவில், குர்கான் என்ற ஊரில் கிடைத்தது. கவ்ரீல் இலிசாரோவ் (1921–1992) என்ற மருத்துவர், போரில் எலும்பு முறிந்து வந்தவர்களுக்கு வைத்தியம் பார்த்தவர். 1950-களின் தொடக்கத்தில், வளையங்களும் கம்பிகளும் திருகுகளும் கொண்ட ஒரு சட்டகத்தை உருவாக்கினார். முறிந்த துண்டுகளை ஒன்றோடொன்று அழுத்திச் சேர்ப்பதுதான் நோக்கம். ஒரு நோயாளி திருகுகளைத் தவறான பக்கம் சுற்றிவிட்டார், இடைவெளி குறைவதற்குப் பதில் கூடியது, எக்ஸ்ரேயில் பார்த்தால் அந்த இடைவெளியில் புது எலும்பு தெரிந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, அதன் பிறகு அவர் பல ஆண்டுகள் நாய்களில் சோதித்து அதை விதியாக்கினார்.

அந்த விதி இதுதான். எலும்பை வெட்டியதும் உடல் அதை ஒட்டவைக்க ஆரம்பிக்கும். முதலில் மிருதுவான ஒரு பாலம் உருவாகும். அது கெட்டியாவதற்குள் இரண்டு முனைகளையும் மெதுவாக விலக்கினால், உடல் பாலத்தை நீட்டிக்கொண்டே போகும். ரொம்ப வேகமாக இழுத்தால் பாலம் அறுந்து வெறும் நார்த்திசுவாகிவிடும். ரொம்ப மெதுவாக இழுத்தால் நடுவிலேயே எலும்பு சேர்ந்து மேலே நகராது. காலில் அவர் கண்ட சரியான வேகம் ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர், அதையும் கால் கால் மில்லிமீட்டராக நான்கு தடவை. எலும்போடு தசை, நரம்பு, ரத்தக்குழாய், தோல் எல்லாமே கூடவே வளர்ந்துவிடும். நம் சொந்தக் காயம் ஆறும் வேலையையே முடியவிடாமல் தள்ளிப்போட்டு வேலை வாங்குவது.

1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வாங்கிய வலேரி புருமெல், அடுத்த ஆண்டு மோட்டார் சைக்கிள் விபத்தில் கால் நொறுங்கி, பல அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு இலிசாரோவிடம் வந்து குணமானார். அதில் சோவியத் முழுக்கப் பெயர் பரவியது. மேற்கு உலகத்துக்குத் தெரிய 1980 ஆனது. கார்லோ மௌரி என்ற இத்தாலிய மலையேறி, ஆறாத காலோடு குர்கான் போய் நல்லபடியாகத் திரும்பினார். அவரைப் பார்த்து வியந்த இத்தாலிய மருத்துவர்கள் அடுத்த ஆண்டே இலிசாரோவைப் பேச அழைத்தார்கள்.

தாடைக்கு வந்தால், 1973-இல் ஸ்னைடர் குழுவினர் நாயின் கீழ்த்தாடையை இப்படி நீட்டிக் காட்டினார்கள். மனிதக் குழந்தைகளில் செய்ததை 1992-இல் நியூயார்க்கின் ஜோசப் மெக்கார்த்தி குழு வெளியிட்டது. நான்கு குழந்தைகள், 18 முதல் 24 மில்லிமீட்டர் வரை நீட்டல். அந்தப் பத்தாண்டின் முடிவுக்குள் மூச்சுத்தடையால் தவிக்கும் சிசுக்களுக்கும் இதைப் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டார்கள்.

சிசுவுக்கு எப்படிச் செய்கிறார்கள்?

தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் சின்னதாகக் கீறி, கீழ்த்தாடை எலும்பின் பின்பகுதியை வெட்டுவார்கள். வெட்டும் கோட்டை மிகக் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். எலும்புக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது, இன்னும் முளைக்காத பற்களின் மொட்டுகள் வரிசையாக இருக்கின்றன. வெட்டின இரண்டு பக்கத்திலும் பிடிக்கும்படி டிஸ்ட்ராக்டர் என்ற சின்னக் கருவியைத் திருகி வைப்பார்கள். ஒரு ஸ்க்ரூ ஜாக்கி மாதிரிதான். அதைச் சுற்றுவதற்கான கம்பி மட்டும் தோலுக்கு வெளியே வந்திருக்கும். முழுக் கருவியும் வெளியே இருக்கும் வகையும் உண்டு.

பிறகு கொஞ்சம் காத்திருப்பு. பெரியவர்களுக்கு ஐந்து முதல் ஏழு நாள் காத்திருப்பார்கள். சிசுவின் எலும்பு அவ்வளவு வேகமாக ஒட்டும் என்பதால் ஓரிரு நாள்தான், சில இடங்களில் அதுவும் இல்லை.

அடுத்தது திருகும் கட்டம். தினம் இரண்டு, மூன்று தடவை, மொத்தம் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர். இலிசாரோவ் காலுக்குச் சொன்னதைவிட இங்கே வேகம் கூடுதலாக இருப்பதற்கும் அதே காரணம்தான். மெதுவாகப் போனால் நீட்டி முடிப்பதற்குள் எலும்பு சேர்ந்துவிடும். 15 மில்லிமீட்டர் தேவை என்றால் எட்டிலிருந்து பதினைந்து நாள். கீழ் ஈறு மேல் ஈறுக்கு நேராகவோ சற்று முன்னாலோ வரும்வரை கொண்டுபோவார்கள். பல மையங்களில் முதல் சில நாட்கள் குழந்தை செயற்கைச் சுவாசத்தில் இருக்கும். தாடை போதுமான அளவு முன்னால் வந்ததும் டியூபை எடுத்துவிடுவார்கள்.

கடைசியாக உறையும் கட்டம். திருகுவதை நிறுத்திவிட்டு, புது எலும்பு கெட்டியாக நான்கு முதல் எட்டு வாரம் கருவியை அப்படியே விட்டுவைப்பார்கள். பிறகு இன்னொரு சின்ன அறுவை சிகிச்சையில் அதை எடுத்துவிடுவார்கள். ஆக, இது ஒரு ஆபரேஷன் இல்லை, இரண்டு. நடுவில் ஒன்றரை, இரண்டு மாதம் கருவியோடு இருக்கும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அண்ணப்பிளவு இதில் சரியாகாது. அதற்குத் தனி அறுவை சிகிச்சை, பொதுவாக ஒரு வயதை ஒட்டி.

பலன் என்ன, விலை என்ன?

சரியான குழந்தைகளைத் தேர்ந்தெடுத்துச் செய்த ஆய்வுகளில், 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் டிரக்கியாஸ்டமி இல்லாமல் தப்பியிருக்கிறார்கள். தூக்கத்தில் மூச்சு நிற்பது வெகுவாகக் குறைகிறது. பால் குடிப்பதும் பல பேருக்கு மேம்படுகிறது. ஆனால் மூச்சு அளவுக்கு அது உறுதியாக இல்லை. விழுங்கும் தாளத்தைக் குழந்தை புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும், அதனால் சில காலம் மூக்குக் குழாய் வழியே பால் தொடரலாம்.

இந்த எண்களைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை தேவை. இவற்றில் பெரும்பாலானவை 'முன்பு இப்படி, பின்பு இப்படி' என்ற ஒப்பீடுகள். சிசு எதுவும் செய்யாமலே வளரத்தான் செய்கிறது, தொண்டையும் விரிகிறது, தசைக்கட்டுப்பாடும் வருகிறது. இரண்டு மாதம் கழித்து நன்றாக இருக்கிறது என்றால் எவ்வளவு கருவியால், எவ்வளவு வளர்ச்சியால் என்று பிரிப்பது சுலபம் இல்லை. கன்ட்ரோல் இல்லாத சோதனையை எங்கள் துறையிலும் நம்பமாட்டோம்.

விலைப் பட்டியலும் சின்னதில்லை. தாடைக்குக் கீழே தழும்பு. தொற்று. கீழுதட்டை இறக்கும் நரம்பு பாதிக்கப்பட்டு அழும்போது உதடு கோணுவது, பெரும்பாலும் தற்காலிகம், சிலருக்கு நிலைத்துவிடும். பல் மொட்டு சேதமாகி, வருடங்கள் கழித்து கடைவாய்ப்பல் முளைக்காமலோ உருமாறியோ வருவது. தாடை மூட்டு இறுகுவது. நீட்டிய தாடை பின்னர் வளர்ச்சியில் பின்தங்கி, மறுபடி நீட்ட வேண்டி வருவது. இவற்றில் பல குழந்தைக்கு ஆறேழு வயதாகும்போதுதான் தெரியவரும்.

எந்தக் குழந்தைக்கு?

எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் முக்கியமாகப் பட்டது திருகும் கருவி இல்லை, இந்தக் கேள்விதான்.

தாடை நீட்டல் ஒரே ஒரு இடத்து அடைப்பைத்தான் திறக்கும், அதாவது நாக்கின் அடிப்பகுதி. குரல்வளை தளர்ந்து உள்ளே மடிகிறதா? மூச்சுக்குழாய்ச் சுவர் மெலிந்திருக்கிறதா? மூளையே மூச்சுக்கான உத்தரவைச் சரியாக அனுப்பவில்லையா? விழுங்கும் கோளாறு நரம்பிலிருந்து வருகிறதா? இவற்றில் எதுவாக இருந்தாலும் தாடையை எவ்வளவு நீட்டினாலும் பிரச்சினை மிச்சம் இருக்கும். சங்கிலியின் முதல் கண்ணி தாடைதான் என்று உறுதியானால்தான் தாடையைத் தொடுவதில் அர்த்தம் உண்டு. வேறு மரபணு நிலையோடு சேர்ந்து வரும் குழந்தைகளில் பலன் குறைவாக இருப்பதற்கும் இதுவே காரணம், அவர்களுக்கு அடைப்பு ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் இருக்கலாம்.

அதனால் முடிவுக்கு முன் இரண்டு பரிசோதனைகள் மிக முக்கியம். ஒன்று, தூக்கப் பரிசோதனை. குழந்தை தூங்கும்போது மூச்சு எத்தனை தடவை நிற்கிறது, அது அடைப்பாலா, மூளையின் உத்தரவு வராததாலா, கரியமில வாயு தேங்குகிறதா என்று பார்ப்பது. இரண்டாவது, எண்டோஸ்கோப் விட்டு மூக்கிலிருந்து மூச்சுக்குழாய்வரை அடைப்பு எங்கே என்று நேரில் பார்ப்பது. அப்போது டாக்டர் குழந்தையின் தாடையைக் கையால் முன்னால் தள்ளிப் பார்ப்பதும் உண்டு. தொண்டை திறக்கிறது என்றால் நல்ல அறிகுறி. முதலுதவி வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் அதே வித்தைதான் இங்கே பரிசோதனையாகிறது.

இதற்குப் பிறகும் நிபுணர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. அமெரிக்காவில் பல மையங்கள் தாடை நீட்டலுக்குச் சீக்கிரம் போகின்றன. ஜெர்மனியில் தகடு, பிரிட்டனில் மூக்குக் குழாய் என்று கத்தியைத் தள்ளிப்போடுகிறார்கள். தனித்த ராபின் குழந்தைகளின் தாடை முதல் ஒன்றிரண்டு வருடத்தில் தானாகவே எவ்வளவு எட்டிப்பிடிக்கும் என்பதிலும் சண்டை இருக்கிறது. ஒரே குழந்தைக்கு ஊரைப் பொறுத்து வேறு வேறு சிகிச்சை கிடைக்கலாம் என்பதே இன்றைய நிலை. அந்த மருத்துவமனைக்கு எதில் பழக்கம் அதிகமோ அதுவும் ஒரு நியாயமான காரணம்தான். ஆனால் அது காரணம் என்பது பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே இப்படி ஒரு முடிவின் முன் நிற்கும் பெற்றோர் கேட்கக்கூடிய கேள்விகள் என்று எனக்குத் தோன்றுபவை: அடைப்பு நாக்கில் மட்டும்தானா, கீழேயும் இருக்கிறதா? தூக்கப் பரிசோதனை என்ன சொன்னது? கத்தி இல்லாத வழிகளில் எதை, எத்தனை நாள் பார்த்தோம்? மரபணு மருத்துவர் பார்த்தாரா? இந்த வயதுக் குழந்தைக்கு இங்கே இதைச் செய்து பழக்கம் உண்டா? பலன் கிடைக்கவில்லை என்றால் அடுத்து என்ன?

நம் வீடுகளுக்கு இரண்டு வார்த்தை

குழந்தை சரியாக உறிஞ்சவில்லை என்றால் பாலாடையிலோ சங்கிலோ புகட்டுவது நம் பக்கம் பழக்கம். உறிஞ்சும் சக்தி இல்லாத, அண்ணப்பிளவு மட்டும் இருக்கும் குழந்தைக்கு அது உண்மையிலேயே நல்ல உபகரணம். மருத்துவமனைகளிலேயே பயன்படுத்துகிறார்கள். ஆனால் குழந்தை மூச்சுக்குத் திணறுவதால்தான் குடிக்கவில்லை என்றால், 'வயிறு காயுதே' என்று ஊற்றிவிடுவது பாலை நுரையீரலுக்கு அனுப்பிவிடும். மூச்சு வழி பத்திரம் என்று சொன்ன பிறகுதான் பாலாடை.

இன்னொன்று, குளிப்பாட்டும்போது மூக்கையும் மோவாயையும் எண்ணெய் தொட்டு நீவிவிட்டால் தாடை வந்துவிடும் என்ற நம்பிக்கை. எலும்பை வெட்டி, கருவி வைத்து, வாரக்கணக்கில் திருகினால்தான் ஒன்றரை சென்டிமீட்டர் நகர்கிறது. விரலால் நீவி நகராது. இதில் போவது நேரம்தான், ஆனால் இந்தக் குழந்தைகளிடம் இல்லாததும் அதுதான். மோவாய் உள்ளடங்கி, குறட்டைச் சத்தத்தோடு தூங்கி, பால் குடிக்கத் திணறி, எடை ஏறாத குழந்தையைப் பார்த்தால், 'வளர வளரச் சரியாயிடும்' என்று சொல்லிவிட்டு இருக்காமல், அந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் கூட்டிப்போகச் சொல்லுங்கள். நீலம் பாரித்தாலோ மூச்சு நின்று நின்று வந்தாலோ அந்த வாரம்கூட இல்லை, அந்த நிமிடமே. உண்மையிலேயே வளர வளரச் சரியாகும் குழந்தைகள் நிறைய இருக்கிறார்கள். யார் அப்படி, யார் இல்லை என்று தூக்கப் பரிசோதனையும் எண்டோஸ்கோப்பும் சொல்லட்டும்.